இத்தா வீட்டு உலக்கை

அத்தியாயம் ஒன்பது

ஜவுபருக்குப் பயம் வந்தால் வாயில் பகிடி வரும். பயம் கூடக் கூடப் பகிடியும் கூடும். அன்று பின்னேரம் நிந்தவூர் வட்டைக்கரை ஒழுங்கையில் தன்னுடைய பழைய மொறிஸ் மைனர் காரை நிறுத்திவிட்டு அவன் அடித்த பகிடிகளைக் கேட்டிருந்தால், மனுசன் எவ்வளவு நடுங்கிப்போயிருந்தான் என்று உங்களுக்கே விளங்கியிருக்கும்.

பயத்துக்குக் காரணம் ஒழுங்கையின் வாயிலில் நின்றது. சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று. அதில் இரண்டு இளந்தாரிகள். சாய்ந்தமருதில் காருக்குப் பின்னால் கண்டான். காரைதீவுச் சந்தியில் திரும்பக் கண்டான். இப்போது இங்கேயும் வந்து, வேலைவெட்டி இல்லாதவர்கள் மாதிரி வேப்பமர நிழலில் நிற்கிறார்கள். பின்னால் இருப்பவன் சட்டையை வெளியே விட்டிருந்தான். இடுப்புப் பக்கம் சட்டை கொஞ்சம் புடைத்துக்கொண்டிருந்தது.

"தங்கக்கா, அந்தத் தம்பிமார் மாப்பிள கேக்க வந்த மாதிரி நம்மளுக்குப் பின்னாலயே வாறாங்க. எனக்கு ஏற்கனவே ஒரு பொஞ்சாதி இரிக்கா எண்டு சொல்லிட்டு வரட்டா?"

செல்லத்தங்கம் குடையை மடித்துக் கையில் பிடித்தபடி, கிடுகு வேலியோரம் தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாண்டிருப்புச் செல்லத்தங்கத்தைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் குறைவு. பென்சன் எடுக்குமட்டும் மருத்துவமாதுவாக இருந்தவள். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பேதம் இல்லாமல் அவளுடைய கையில்தான் வந்து விழுந்தன. எந்த வீட்டு அறைக்குள்ளும் போகக்கூடியவள். அறைக்குள் கண்டதை வெளியே சொல்லாதவள். அதனாலேயே களவு போன நகையையும் ஓடிப்போன மாப்பிள்ளையையும் தேடித் தரச்சொல்லி ஆட்கள் அவளிடம் வரத் தொடங்கினார்கள். ஜவுபர் அவளுக்குக் கார்க்காரன், கூட்டாளி, வாய் ஓயாத துணை.

ஆனாலும் அந்த நாட்களில் பாண்டிருப்பு மனிசர் நிந்தவூருக்குள் வருவதும், நிந்தவூர் மனிசர் பாண்டிருப்புக்குள் போவதும், வீட்டில் சொல்லிக்கொண்டு செய்கிற காரியமாக இருந்தது. போனவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. அதனால்தான் செல்லத்தங்கத்தின் நெற்றிப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஜவுபருக்கு நெஞ்சு இடித்தது. ஏதாவது நடந்தால் அக்காவைக் கூட்டிவந்தவன் அவன்.

அவர்களை அனுப்பியவர் மசூர் ஹாஜியார். விசயம் இதுதான்.

கோதுமை மாவுக்குக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தது போதும், இனி உள்ளூர் நெல்லில் செய்த பண்டங்களுக்குக் கைகொடுப்போம் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. கமக்காரரின் நெல்லை நல்ல விலைக்கு எடுத்து அரிசியாக்கிப் பெண்கள் சங்கங்களுக்குக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டில் இருந்தே ஊறப்போட்டு, இடித்து, அரித்து, வறுத்து மாவாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த மா அகதி முகாம்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகும். கோதுமை மா ஒரு சிட்டிகையும் கலக்கக்கூடாது என்பதுதான் கட்டளை. புருசனை இழந்தவர்களும், கடலுக்குப் போக முடியாமல் முடங்கியவர்களின் பெண்சாதிமாரும் அந்த உலக்கையைப் பிடித்துத்தான் அந்த வருசங்களில் அடுப்பு மூட்டினார்கள். அந்தக் கரைக்கு மாவைச் சேர்த்து அனுப்பும் களஞ்சியம் மசூர் ஹாஜியாரின் பொறுப்பில் இருந்தது. களஞ்சியத்து லொறியை ஓட்டியவன் காலிதீன்.

போன மாதம் ஒலுவில் பாதையில் லொறி மட்டும் அநாதையாக நின்றது. காலிதீன் இல்லை. பிறகு களியோடை ஆற்றில் ஒரு மையித்து மிதந்தது. முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. இடுப்பில் கிடந்த சாரத்தைப் பார்த்து அவன்தான் என்று சொன்னார்கள், தொழுவித்து அடக்கினார்கள். நிறைமாதக் கர்ப்பிணியான அவன் பெண்சாதி பஸ்மினா வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தாள். புருசன் மௌத்தான பெண் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இருக்கிற காலம் அது. வயிற்றில் பிள்ளை இருந்தால், பிள்ளை பிறக்குமட்டும்.

மசூர் ஹாஜியார் முந்தினநாள் செல்லத்தங்கத்தின் வீட்டுக்கே வந்து மிகவும் பதனமாகப் பேசினார். திட்டத்தில் வேலை செய்து இறந்தவனின் குடும்பத்துக்கு அரசாங்கம் உதவி கொடுக்கும், ஆனால் இறந்தது காலிதீன்தான் என்று மேலிடத்துக்கு உறுதி வேண்டுமாம். இத்தாவில் இருக்கிற பெண்ணை ஆண்கள் விசாரிக்க முடியாது, நீங்கள்தான் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜவுபருக்கும் கண் கலங்கிவிட்டது.

காலையில் களஞ்சியத்துக்குப் போய் அந்த லொறியைப் பார்த்தார்கள். விசாரணை முடியுமட்டும் இறக்கக்கூடாதென்று மூட்டைகள் ஏற்றியபடியே கிடந்தன. எல்லாவற்றிலும் உள்ளூர் அரிசிமா என்று பெரிய எழுத்தில் குத்தியிருந்தது. ஒரு மூட்டையின் தையல் பிரிந்த இடத்தில் செல்லத்தங்கம் இரண்டு விரலை விட்டுக் கொஞ்சம் மா எடுத்தாள். ஜவுபரின் தண்ணீர்ப் போத்தலில் இருந்து துளி விட்டு உருட்டினாள். உருண்டையைப் பிடித்து இழுத்தாள். அது நீண்டு, விட்டதும் சுருங்கியது. பிட்டவித்துத் தின்னாமல் பம்பரத்துக்குக் கயிறு திரிக்கப் போறியளா என்று ஜவுபர் கேட்டான். அவள் உருண்டையைக் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்தாள். முகம் இறுகிப்போயிருந்தது.

இப்போது வேலியோரம் நிற்கும்போதும் அதே இறுக்கம்.

"தம்பி, இஞ்ச வா. கேக்குதா?"

ஜவுபர் காதைக் கொடுத்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்து சத்தம் வந்தது. தொம், தொம், தொம்.

"ஓம், மா இடிக்காங்க. இதக் கேக்கவா பெற்றோல எரிச்சிட்டு வந்த?"

"எத்தின உலக்கை?"

அவன் இன்னும் கொஞ்சம் கேட்டான். ஒன்று மெல்லிசாக விழுந்தது, மற்றது கனமாக.

"ரெண்டு."

"வீட்டுக்குள்ள ஆரார்?"

பஸ்மினாவுக்கு உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. கூடப்பிறந்த மூத்தவள் ஹாஜறா பக்கத்து வளவில் இருக்கிறாள், சங்கத்துக்குத் தலைவியும் அவள்தான். அந்த ஹாஜறாவோ கண்ணுக்கு நேரே, தன்னுடைய முற்றத்தில் பாயை விரித்து மா அரித்துக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் சொந்தத்தில் யாராவது பெண்பிள்ளை துணைக்கு வந்திருப்பாள் என்றான் ஜவுபர்.

"பொம்பிளையெண்டா உலக்கை ஏன் முட்டுது?"

அப்போதுதான் ஜவுபருக்கும் கேட்டது. தொம், தொம், டக். தொம், தொம், டக். கனத்த உலக்கை அவசரப்பட்டு இறங்கும். மெல்லிய உலக்கை உரலை விட்டு எழும்ப முந்தியே போய் அதில் இடிக்கும்.

அந்தக் கரையில் ஒரு பெண்பிள்ளை சோறு ஆக்கப் பழக முந்தி, ஒரே உரலில் இன்னொருத்தியோடு மாறி மாறி இடிக்கப் பழகிவிடுவாள். தாளம் கையில் ஊறிப்போகும். எட்டு வயதுப் பிள்ளையும் உலக்கையை முட்டவிடாது. ஆண்கள் உரலைத் தூக்கி வைப்பார்கள், உலக்கையைச் சீவிக் கொடுப்பார்கள், பிடித்து இடிக்கமாட்டார்கள்.

இத்தா வீட்டுக்குள் ஒரு ஆண்.

"நிறைமாதக்காறி இடிக்கிறதப் பாத்துப் பொறுக்காம உலக்கையப் பிடிச்சவன் ஆரா இருக்கும், தம்பி?"

"தங்கக்கா, நாம அடக்கின ஆளா?"

"ஆள் அடக்கமாத்தான் இருக்கான். மண்ணுக்குள்ள இல்ல."

இவர்கள் வேலியோரம் நிற்பதை ஹாஜறா கண்டுவிட்டாள். அரிதட்டு கையில் அப்படியே நின்றுபோயிற்று. அடுத்த நொடி, வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் பஸ்மினா என்று ஊருக்கே கேட்கச் சத்தம் வைத்தாள். கனத்த உலக்கை சட்டென்று நின்றது. மெல்லிசு மட்டும் தனியாக, நடுங்கி நடுங்கி, இரண்டு தரம் இடித்துவிட்டு ஓய்ந்தது.

செல்லத்தங்கம் படலையைத் தள்ளினாள். ஹாஜறா ஓடிவந்து குறுக்கே நின்றாள். இத்தா வீடு, ஒருத்தரும் வரக்கூடாது என்றாள். குரல் உடைந்துபோய் வந்தது.

"ஹாஜறா, உன்ட மூத்தவன் கால் முன்னுக்கு வந்த பிள்ள. அண்டைக்கு என்ன நம்பித்தானே பல்லக் கடிச்சிட்டுக் கிடந்தாய். இண்டைக்கும் நம்பு."

ஹாஜறாவின் கண் நிரம்பியது. வழி விட்டாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஜவுபர் தனித்துப்போனான். காருக்குள் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் பார்த்தால் வேப்பமர நிழலில் ஒருவன்தான் நின்றான். மற்றவனைக் காணோம். எங்கே என்று தலையைத் திருப்புமுன் கார் யன்னலில் ஒரு முகம் குனிந்தது.

நெருப்புப் பெட்டி இருக்கா என்று கேட்டான். ஜவுபர் எடுத்துக் கொடுத்தான். சிகரட்டைப் பற்றவைத்து ஆறுதலாகப் புகையை விட்டுவிட்டு, அக்கா உள்ளே போய் நேரமாச்சு போல என்றான்.

"ஓம் தம்பி. பொம்பிளையள் கூடினா நேரம் போறது தெரியாதே. நான் போன வருசம் பொஞ்சாதிய அவட தாத்தாக்காரிட வீட்ட விட்டன், இன்னும் ஸலாம் சொல்லி முடியல்ல."

அவன் சிரிக்கவில்லை. பயப்படத் தேவையில்லை, நாங்களும் ஹாஜியாருடைய ஆட்கள்தான் என்றான். அக்கா ஆளைக் கண்டதும் முதலில் எங்களிடம் சொல்லச் சொல்லு, பிறகு நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றான். நெருப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் நடந்தான்.

ஜவுபர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆளைக் கண்டதும். செத்தவனுக்கு உதவிப் பணம் எடுத்துக் கொடுக்க வந்தவர்கள், ஆளைக் காண்பதற்கு ஏன் காத்து நிற்கிறார்கள்?

செல்லத்தங்கம் வெளியே வந்தபோது அவளுடைய முகத்திலும் இரத்தம் இல்லை. காரின் மறுபக்கம் வந்து, குடையைத் தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டு, உள்ளே காலிதீனைக் கண்டதையும் அவன் சொன்னதையும் கிசுகிசுவென்று சொன்னாள்.

முகாமொன்றில் ஒரு தாய் காலிதீனைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள், இது என்ன மா, பிட்டுக் குழைத்தால் பசையாக ஒட்டுகிறது என்று. அவன் மூட்டைகளைத் திறந்து பார்த்தான். எல்லாம் புளித்துப்போன கோதுமை மா. சங்கத்துப் பெண்கள் கை கொப்புளிக்க இடித்த அரிசிமா கொழும்புக் கடைகளுக்கு நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெகுளிப் பயல், நேரே ஹாஜியாரிடமே போய்ச் சொல்லிவிட்டான். அவர் தோளில் தட்டி, விசாரிக்கிறேன் மகன் என்று அனுப்பினார். அடுத்த பயணத்தில் லொறியில் துணைக்கென்று இரண்டு பேர் ஏறினார்கள். ஒலுவில் பாதையில் ஒதுக்கச் சொன்னார்கள். காலிதீன் வயலுக்குள் பாய்ந்து வாய்க்கால் கட்டோரமாய் ஓடித் தப்பினான். நாணற் பற்றைக்குள் கிடந்து கிடந்து, கடைசியில் அவன் வீட்டுக் கொல்லையால் ஏறியபோது, முன்வாசலால் அவனுடைய ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்ப அடக்கினது ஆர, அக்கா?"

"ஆர் பெத்த பிள்ளையோ. ஆற்றில வாற பிள்ளையளுக்கு இப்ப பேர் கேக்க ஆக்கள் இல்லையே."

அதற்குப் பிறகுதான் அவள் கைலேஞ்சியைப் பிரித்துக் காட்டினாள். அரிசிமா இழுபடாது தம்பி, இழுத்தால் உதிரும் என்றாள். காலையிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சப் பாதி இப்போது.

"ஊரில எத்தினயோ பேர் இருக்க என்னத் தேடி ஹாஜியார் ஏன் வந்தார்? இத்தாத் திரையத் தாண்டினா ஊர் அவர உயிரோட விடாது. திரையத் தாண்டக்கூடிய ஒரு ஆள் வேணும். அவர் தேடினது மையித்தில்ல, தம்பி. நாமதான் அவன்ட வாசலக் காட்டிக் குடுக்க வந்த நாய்."

ஜவுபருக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. ஓடிவிடுவோம் என்றான். உள்ளே கண்டதை மறைத்து, ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிடுவோம் என்றான். நம்பமாட்டார் என்றாள் செல்லத்தங்கம். அவர் நம்பாத வரைக்கும் இந்த ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் நிற்கும். பிள்ளை பிறந்த அன்று இத்தா முடியும், திரை விலகும். அன்றைக்கு வருவார்கள்.

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, ஒழுங்கைக்குள் வெள்ளை வான் ஒன்று திரும்பியது. மசூர் ஹாஜியார் இறங்கினார். தொப்பியும் வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமும். கையில் திராட்சைப் பழப் பை. முன்வளவுக் கோழிகூட அவருக்கு ஒதுங்கி நின்றது போல ஜவுபருக்குப் பட்டது. பொடியன்மார் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

ஹாஜியார் மெல்லக் கிட்ட வந்து, எப்படி என்று கண்ணால் கேட்டார்.

இப்போது ஒருத்தரும் இல்லை என்று அக்கா சொல்வாள், நாங்கள் எல்லோரும் சாகப்போகிறோம் என்று ஜவுபர் நினைத்தான். செல்லத்தங்கமோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பின் அறையில பெரிய பெட்டகம் ஒண்டு இருக்கு. அதுக்குப் பின்னால ஆள் அசையிற மாதிரித்தான் தெரியுது, ஹாஜியார். நான் கிட்டப் போகல்ல."

ஹாஜியாரின் முகத்தில் சின்ன வெளிச்சம் ஒன்று வந்து போனது. உங்களைப்போல ஆள் இல்லையம்மா என்றார். அவளோ இன்னொரு விசயமும் சொன்னாள். பஸ்மினாவுக்கு நோவு கண்டிருக்கிறது, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளை நான் ஏற்றிக்கொண்டு போன பிறகு வீட்டில் இத்தாவும் இல்லை, திரையும் இல்லை, உங்கள் பாடு என்றாள்.

பிறகு குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். இத்தாவில் இருக்கிற பிள்ளையை வெளியே எடுக்கிறோம், ஆம்பிளைகள் எல்லாரும் முகத்தைத் திருப்புங்கள்.

அயல் வீடுகளில் இருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஆண்கள் வேலிப்பக்கம் திரும்பினார்கள். பொடியன்மார் தயங்கினார்கள், ஹாஜியார் ஒரு பார்வை பார்த்ததும் அவர்களும் திரும்பினார்கள். ஊர் பார்க்க ஹாஜியாரும் திரும்பினார். ஜவுபர் முன் ஆசனத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். ஹாஜறாவின் அழுகை கேட்டது. பெண்கள் போர்வை பிடித்து நடக்கும் சரசரப்புக் கேட்டது. யாரோ முனகினார்கள். கார் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, பின்கதவு அடித்தது.

"எடு, தம்பி."

எடுத்தான். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது தலை முதல் கால் வரை வெள்ளைச் சீலை போர்த்து மடங்கிக் கிடந்த ஒரு உருவம். பக்கத்தில் செல்லத்தங்கம், அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். ஒழுங்கை வளைவைத் தாண்டும்போது ஹாஜியார் செருப்பைக் கழற்றிக்கொண்டு படலைக்குள் காலெடுத்து வைப்பதை ஜவுபர் கண்டான்.

உள்ளே ஒருவன் பெட்டகத்துக்குப் பின்னால் இருக்கிறான். பொஞ்சாதிக்காக உலக்கை பிடித்தவன். அவனை அறையின் அடையாளத்தோடு சொல்லிக் கொடுத்துவிட்டு இவள் பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறாளாம். இத்தனை வருசம் இவளோடு ஓடினேனே என்று அவனுக்கு அழுகை வந்தது.

"அக்கா, நீங்க அவன வித்துட்டீங்க."

"முன்னால பாத்து ஓட்டு."

"தாயையும் பிள்ளையையும் காப்பாத்த வேணும்தான். அதுக்கு வாப்பாவக் குடுக்கோணுமா? நான் இனி உங்களுக்குக் கார் ஓட்டமாட்டன், அக்கா. இதுதான் கடைசி."

காரைதீவுச் சந்தியில் ஆமியின் சென்றிக் காவலரண் வந்தது. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஆமிக்காரன் கையைக் காட்டினான். ஜவுபர் நிறுத்தினான். ஆமிக்காரன் பின் யன்னலால் எட்டிப் பார்த்துச் சீலையை விலக்கச் சொல்லிச் சைகை செய்தான். துவக்கின் முனை சீலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

செல்லத்தங்கம் ஆஸ்பத்திரியில் பழகிய சிங்களத்தில் படபடவென்று பொரிந்தாள். பிள்ளை வெளியே வருகிறது, நீ பிடிக்கிறாயா என்று கேட்டாளாம். பொடியனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. பயந்துபோய்ப் பின்வாங்கி, போ போ என்று கையை ஆட்டினான்.

வயல் வெளியும் கடற்காற்றும் வந்த பிறகு, பின்னால் வெள்ளைச் சீலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த ஆண் குரல்.

"மூச்சு முட்டுது, அக்கா. கொஞ்சம் விலத்தட்டா?"

கார் ஒரு தரம் வாய்க்காலுக்குள் போகப் பார்த்துத் திரும்ப ரோட்டில் ஏறியது. ஜவுபர் திரும்பிப் பார்த்தான். சீலை விளிம்பால் வெடித்துப்போன பெரிய பாதம் ஒன்று தெரிந்தது. செல்லத்தங்கம் அதை இழுத்து மூடினாள்.

"நோவு கண்டது இவருக்குத்தான்" என்றாள். "முன்னால பார்."

"அப்ப வீட்டுக்குள்ள?" என்றான் ஜவுபர்.

பஸ்மினா அந்தப் பெட்டகத்துக்குப் பின்னால்தான் இருக்கிறாள் என்றாள். தனிய இல்லை. பேசி வைத்தபடி ஒழுங்கைப் பெண்கள் எல்லாரையும் ஹாஜறா உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் இருந்து ஆண்கள் வருகிற நேரம் இது. ஹாஜியார் ஆசையோடு அறைக் கதவைத் தள்ளியிருப்பார். இத்தாவில் இருக்கிற வெள்ளைச்சீலைக்காரியின் முன்னால் போய் நின்றிருப்பார். அத்தனை பெண்களும் ஒரே மூச்சில் கத்தியிருப்பார்கள். ஏன் அந்த அறைக்குள் போனீர், யாரைத் தேடிப் போனீர் என்று கேட்கிற பள்ளிவாசல் மரைக்கார்மாருக்கு அவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று பார்ப்போம்.

ஜவுபருக்கு ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே செத்தது. கண்ணாடியில் சிவப்பாக ஒரு புள்ளி. சாய்ந்தமருதுக் கடைத்தெருவைத் தாண்டப் புள்ளி பெருத்தது. ஒருவன்தான் ஓட்டி வந்தான், சட்டை புடைத்தவன். அங்கே நடந்ததைக் கண்டு ஓடிவந்திருக்கிறான், அல்லது காரில் யார் இருக்கிறார்கள் என்று விளங்கி வந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரிச் சந்தியில் திருப்பவா என்று கேட்டான் ஜவுபர். வேண்டாம், கட்டிலில் கிடக்கிறவனைக் கொல்வது லேசு என்றாள் அவள். நேரே கல்முனைக் கோர்ட்டுக்குப் போ. நீதவான் இன்னும் ஆசனத்தை விட்டு எழும்பியிருக்கமாட்டார். மூட்டைகள் லொறியில் இருக்கின்றன, உருண்டை என் கையில் இருக்கிறது, சொல்லக்கூடிய வாய் இதோ கிடக்கிறது.

பழைய மொறிஸ் மைனர் தன் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடியது. ஒரு மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் புகுந்தபோது ஜவுபர் கலிமா சொல்லிவிட்டான். மோட்டார் சைக்கிள் ஒரு கட்டத்தில் பின்சில்லை முட்டுமளவு வந்தது. கோர்ட்டு மதில் தெரிந்ததும் காரை வாசலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் போட்டான். எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

வழக்குக்கு வந்த சனம் வளவு முழுக்க நின்றது. மோட்டார் சைக்கிள் தெருவின் மறுகரையில் ஓரங்கட்டியது. ஓட்டி வந்தவன் சட்டைக்குக் கீழே கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கும் தம்பி என்றாள் செல்லத்தங்கம். காலிதீன் இறங்கவில்லை. சீலைக்குள் கிடந்து நடுங்கினான். எத்தனை நாள் ஒளிந்து கிடந்த உடம்பு, வெளிச்சத்துக்கு வர மறுத்தது. வெளியே வந்தால் சுடுவார்கள் அக்கா என்றான், குழந்தை மாதிரி.

"ஒளிச்சிருந்தாத்தான் சுடுவான், மனே. நீர் செத்துப் போனதா எழுதின ஆள். செத்தவனக் கொன்னா ஆரும் கேக்கமாட்டாங்க. இந்தச் சனம் முழுக்க உம்மட முகத்தப் பாக்கட்டும். நீர் உயிரோட நிண்டாத்தான் அங்க அவள் வெள்ளையக் கழற்றலாம்."

சீலைக்குள் அசைவு நின்றது. பிறகு கதவு திறந்தது.

ஜவுபர் என்ன நினைத்தானோ, தானும் இறங்கிப்போய்த் தெருப்பக்கமாக, காலிதீனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் நின்றான். பகிடி ஒன்றுக்காகத் தேடினான், அகப்படவில்லை. அப்படியே நின்றான்.

காலிதீன் தலையில் இருந்த வெள்ளையை இழுத்து விட்டான். தாடி வளர்ந்து, வெளிறிப்போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் நின்றான்.

கோர்ட்டுப் படியில் நின்ற பியோன் கலந்தர்தான் முதலில் கண்டவர். நிந்தவூர்க்காரர். போன மாதம் காலிதீனுடைய சந்தூக்கைத் தோளில் தூக்கி, மூன்று பிடி மண்ணும் போட்டவர். அவருடைய வாய் திறந்தது, கையில் இருந்த கோர்ட்டு மணி கீழே விழுந்து படிகளில் உருண்டு உருண்டு போனது. வளவில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், கலந்தர் காக்கா" என்றான் காலிதீன்.

கலந்தர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் சொன்ன ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட அவருக்கு எந்த நாளும் பழக்கமில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றார். பிறகு கிட்ட வந்து, அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நம்மட காலிதீன். உசிரோட இரிக்கான்."

தெருவின் மறுகரையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.